தூரிகைக்கு வரவேற்பு, அகப்பைக்குத் தடை

பினாங்குத் தீவின் ஜோர்ஜ் டவுனுக்குப் போய் வந்தவர்களின் கைபேசியில் ஒரு படம் கட்டாயம் இருக்கும். ஆர்மேனியன் தெருவில் ஒரு பழைய சுவர். அதில் ஒரு அக்காவும் தம்பியும். அவர்கள் வரையப்பட்டவர்கள், ஆனால் ஏறியிருக்கிற சைக்கிள் உண்மையான சைக்கிள். சுவரோடு சேர்த்துப் பொருத்தியிருக்கிறது. அக்கா சிரிச்சபடி ஓட்டுகிறா, தம்பி பின்னால் இருந்து கட்டிப் பிடிச்சிருக்கிறான். 2012 ஜோர்ஜ் டவுன் விழாவுக்காக வரைந்தது. இன்றைக்கும் அதுக்கு முன்னால் வரிசை நிற்கிறது. நாங்களும் நின்றோம். வரைந்தவர் ஏர்னஸ்ட் ஸக்கரேவிச். லித்துவேனியாவில் பிறந்தவர்.

அதே நகரத்தில் 2016 ஜனவரியிலிருந்து ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. பினாங்கின் பெயர்பெற்ற தெருக்கடை உணவுகளை வெளிநாட்டவர் பிரதான சமையற்காரராக நின்று சமைக்கக்கூடாது. பாத்திரம் கழுவலாம். மேசை துடைக்கலாம். அடுப்படியில் முன்னுக்கு நிற்க ஏலாது.

வெளியாளின் தூரிகைக்கு வரவேற்பு, வெளியாளின் அகப்பைக்குத் தடை. இரண்டும் ஒரே ஊரில், சில வருட இடைவெளியில் நடந்தவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாளிலிருந்து எங்களுக்குள் கதைத்து முடியவில்லை. இந்தக் கட்டுரை பயணக் குறிப்பு மாதிரியும் இருக்கும், வாக்குவாதம் மாதிரியும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். 1786 இல் கிழக்கிந்தியக் கம்பனிக்காக ஃபிரான்சிஸ் லைற் இந்தத் தீவைக் கைப்பற்றினார். அதுவரை அது கெடா சுல்தானுடையது. சுல்தான் எதிர்பார்த்த இராணுவப் பாதுகாப்பைக் கம்பனி கடைசி வரை கொடுக்கவில்லை. தீவை மீட்க அவர் எடுத்த முயற்சியும் 1791 இல் தோற்றுப்போனது. லைற் துறைமுகத்தைத் தீர்வையில்லாத் துறைமுகமாகத் திறந்துவிட்டார். பிறகென்ன, எல்லாத் திசையிலிருந்தும் ஆக்கள் வந்து இறங்கினார்கள். தென்சீனத்து ஹொக்கியன்காரர், அச்சே வணிகர், ஆர்மேனியர், சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம்கள், செட்டிமார், கூலிகள், கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்ட இந்தியக் கைதிகள்.

அந்த வரலாற்றைப் படிக்க நூதனசாலைக்குப் போகத் தேவையில்லை. ஒரு தெருவில் நடந்தால் போதும். இப்போது மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலை என்று பெயர். ஒரு முனையில் 1818 இல் கட்டி முடித்த சென்ற் ஜோர்ஜ் தேவாலயம். கொஞ்சம் தள்ளி குவான் யின் கோயில், ஊதுபத்திப் புகை தெருவரைக்கும் வரும். இன்னும் கொஞ்சம் நடந்தால் 1801 இல் தமிழ் முஸ்லிம் வணிகர் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். பின்தெருவில், 1833 இலிருந்து இருக்கிற மகா மாரியம்மன் கோயில். எல்லாம் பத்து நிமிச நடைக்குள்ளே. 'கெலிங்' என்ற சொல் கலிங்கத்திலிருந்து வந்தது என்கிறார்கள். இன்றைக்கு மலேசியாவில் இந்தியரைப் பார்த்து அப்படிச் சொன்னால் அது வசை. பள்ளிவாசலின் பெயரில் மட்டும் அது பழைய மரியாதையோடு அப்படியே இருக்கிறது.

சூலியா தெருப் பக்கம் திரும்பினால் ஒரு சின்ன தர்கா. நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. அவர் அடங்கியிருப்பது நாகூரில். ஆனால் கடல் தாண்டிப் போன தமிழ் முஸ்லிம்கள் போன இடமெல்லாம் அவருக்கு ஒரு இடம் கட்டினார்கள். சிங்கப்பூரிலும் இருக்கிறது. எங்கட கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் ஒவ்வொரு வருடமும் கொடியேற்றம் நடப்பதும் அவர் பெயரில்தான். கிழக்கிலிருந்து எங்களோடு வந்த நண்பி தர்கா வாசலில் நின்று "இது எங்கட ஊர் அவ்லியாதானே!" என்றாள். பயணத்தில் எங்களுக்கு இதைவிடப் பெரிய காட்சி கிடைக்கவில்லை.

சரி, சந்தைக்கு வருவோம். பினாங்கு சாலையிலுள்ள சௌரஸ்தா சந்தை 1890 இல் தொடங்கியது. பெயர் ஹிந்துஸ்தானி, நாற்சந்தி என்று அர்த்தம். இறங்கும் இடம் மலாய்த் தீவு, கடைக்காரர் பாதிப்பேர் சீனர், பெயர் வட இந்தியாவிலிருந்து. கீழ்த்தளத்தில் மீன், இறைச்சி, மரக்கறி. மேலே பழைய புத்தகக் கடைகள். மலாய், சீனம், ஆங்கிலம் எல்லாம் கூரைவரை அடுக்கியிருக்கும், ஒன்றை இழுத்தால் பத்து விழும். வாசல் பக்கம் ஊறவைத்த பழங்கள்: மாங்காய், அம்பரெல்லா, கொய்யா, சாதிக்காய். சாதிக்காய் என்றால் கொட்டை அல்ல, அதன்மேல் இருக்கிற சதை. பிரித்தானியர் பினாங்கைச் சாதிக்காய்த் தோட்டமாக்கப் பார்த்த காலத்தின் மிச்சம் அது. கடைக்கார அம்மா பல்குத்தும் குச்சியில் ஒவ்வொன்றாகக் குத்தித் தந்து ருசி பார்க்கச் சொன்னா. காலிமுகத்திடலில் அச்சாறு வாங்கித் தின்று வளர்ந்த வாய் எங்கட வாய். ஒரு கடியிலேயே சொந்தம் பிடிபட்டுவிட்டது. இலங்கையில் 'மலே அச்சாறு' என்று ஒன்று இருப்பதை நினைத்துப் பாருங்கோ. ஊறுகாய்க்குக் கடவுச்சீட்டுத் தேவைப்பட்டதில்லை.

சந்தைக்குக் காலமை ஏழு மணிக்கே போங்கோ. பதினொரு மணிக்குப் போனால் சுற்றுலாக்காரர்தான் இருப்பார்கள். ஏழு மணிக்குத்தான் அந்த ஊர் தன் பாட்டில் இருக்கிறது. பேரம் பேசுகிறது, சண்டை பிடிக்கிறது, மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறது.

இனிச் சாப்பாடு. பினாங்கின் பேர்போன சாப்பாடு நாசி கண்டார். நாசி என்றால் சோறு. கண்டார் என்றால் தோளில் வைக்கிற காவுதடி. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தடியின் ஒரு பக்கம் சோற்றையும் மறுபக்கம் கறியையும் தூக்கிக்கொண்டு துறைமுகத் தொழிலாளருக்கு விற்ற சோறு அது. தடி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. 1907 இல் தொடங்கிய ஹமீதியா கடை இன்றும் நடக்கிறது. அங்கேயும் மற்றக் கடைகளிலும் ஒரே முறைதான்: சோற்றை வைத்து, கேட்கிற மீனையோ இறைச்சியையோ வைத்து, நாலைந்து குழம்பை ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஊற்றுவார்கள். "பஞ்சிர்" என்று சொன்னால் இன்னும் அள்ளி ஊற்றுவார்கள். பஞ்சிர் என்றால் வெள்ளம். எங்கட ஊரில் சோற்றைச் சுற்றிக் கறிகளை வேறுவேறாக வைத்து, விரலால் அளவு பார்த்துக் குழைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு முதல் பார்வையில் கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும். ரெண்டாவது வாயில் சரியாகிவிடும். மீன்குழம்பும் இறைச்சிக் குழம்பும் கலந்த இடத்தில் மூன்றாவதாக ஒரு ருசி வருகிறது. அதுக்குப் பெயரில்லை. அந்த ருசிக்காகத்தான் ஆக்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

அசாம் லக்சாவும் அப்படித்தான். அரிசி நூடில்ஸ், கும்பளா மீனை அவித்து உதிர்த்த புளிக்குழம்பு, இஞ்சி வகைச் செடியொன்றின் பூமொட்டு, கடைசியில் ஒரு கரண்டி கறுத்த இறால் விழுது. புளிப்புக்குப் போடுகிற அசாம் கெலுகோர் எங்கட கொறக்காப்புளியின் ஒன்றுவிட்ட சகோதரம். சீன நூடில்ஸ், மலாய்க் குழம்பு. எது யாருடையது என்று பிரிக்கப் போனால் கிண்ணம் வெறுங்கிண்ணமாகிவிடும்.

பிறகு, தள்ளுவண்டியில் 'புத்து மாயாம்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து என்னவோ புதுச் சாப்பாடு என்று ஓடிப்போனால், அது இடியப்பம்! சொதியும் சம்பலும் இல்லை. தேங்காய்ப்பூவும் பழுப்புச் சீனியும். 'அப்பொம்' என்றால் அப்பமேதான். ஓரம் மொறுமொறுவென்று, நடு மெத்தென்று, பாதியாக மடித்து எண்ணி விற்கிறார்கள். அந்தக் கடைக்காரரை மலாயில் 'மாமாக்' என்பார்கள். 'மாமா' என்ற தமிழ்ச்சொல்தான். வீட்டை விட்டுக் கடல் தாண்டிப் போனவர்களின் உறவுமுறைச் சொல் அங்கே ஒரு கடையின் பெயராகிவிட்டது.

இப்ப அந்த விதிக்கு வருவோம். அதுக்குப் பின்னால் நியாயம் எதுவுமே இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பினாங்குக்காரர் தங்கட சாப்பாட்டைப் பற்றிப் படுகிற பெருமை சும்மா பெருமையில்லை. ஒரு சார் கோய் தியாவ் தட்டு, அதாவது இறாலும் மட்டியும் முளைக்கட்டிய பயறும் போட்டுப் பெரிய நெருப்பில் பிரட்டுகிற தட்டை நூடில்ஸ், சரியாக வர வருடக்கணக்கில் கை பழக வேண்டும். கடை முதலாளி வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டில் இருக்க, நேற்று வந்த ஒரு தொழிலாளியைக் குறைந்த சம்பளத்துக்கு அடுப்பில் நிறுத்தினால் ருசி கெட்டுப்போகும் என்பது உண்மையான பயம். தாத்தா நடத்திய கடையைப் பேரன் பொறுப்பெடுக்க விரும்புவதில்லை என்பதும் உண்மை. பகல் முழுக்க வோக் சட்டிக்கு முன்னால் வேர்த்து நிற்கிற தொழிலுக்குப் படித்த பிள்ளைகள் ஏன் வருவார்கள்?

ஆனால் நோய் ஒன்று, மருந்து வேறொன்று. பயம் பயிற்சியைப் பற்றியது என்றால், பயிற்சி கொடுக்கலாம், தரம் பார்க்கலாம். சம்பளத்தைப் பற்றியது என்றால், சம்பளத்தைத் திருத்தலாம். கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்த்து ருசியை எப்படி அளக்கிறது? காவுதடி தூக்கியவரிடம் எந்த ஊர்க் கடவுச்சீட்டு இருந்தது? ஹொக்கியன் நூடில்ஸை முதல் பிரட்டியவர் பினாங்கில் பிறந்தவரா? அந்த ஊரின் ஒவ்வொரு பேர்போன கிண்ணத்துக்குப் பின்னாலும் 'நேற்று வந்த ஒரு தொழிலாளி' இருக்கிறார். நூறு வருடத்துக்கு முதல் வந்தவரின் கை பாரம்பரியம், இந்த வருடம் வங்காளதேசத்திலிருந்தோ நேபாளத்திலிருந்தோ வந்தவரின் கை கலப்படம் என்று சொல்வது வரலாறாகாது. கதவைத் தாண்டி உள்ளே வந்தவர் பின்னால் வருகிறவருக்குக் கதவைச் சாத்துவது அது.

2024 டிசம்பரில் நாசி லெமாக், ரொட்டி சனாய், தே தாரிக் சேர்ந்த மலேசியக் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. எங்களுக்கும் சந்தோசம். ஆனால் இன்றைக்குப் பல கடைகளில் அந்த மாவை அடிக்கிற கைகளும் அந்தத் தேத்தண்ணியை இழுத்து ஆற்றுகிற கைகளும் யாருடையவை என்று ஒருக்கா நிமிர்ந்து பாருங்கோ. பாராட்டுப் பத்திரத்தில் அந்தக் கைகளுக்கு இடமில்லை.

சுவருக்குத் திரும்புவோம். ஜோர்ஜ் டவுனின் கலை வெறும் செல்ஃபிச் சுவர்தான் என்று சொல்வது அநியாயம். ஸக்கரேவிச்சுக்கு முன்பே தொடங்கிய ஒரு வேலை இருக்கிறது: 52 இரும்புக்கம்பிச் சிற்பங்கள். கறுத்த கம்பியை வளைத்துக் கேலிச்சித்திரம் மாதிரிச் செய்து, அந்தந்தத் தெருவின் கதையை அந்தந்தத் தெருச் சுவரிலேயே மாட்டியிருக்கிறார்கள். லவ் லேனில் மனைவிக்குத் தெரியாமல் யன்னலால் இறங்குகிற புருசன். இன்னொரு தெருவில், சப்பாத்து வடிவமைப்பாளர் ஜிம்மி சூ தொழில் பழகியது இங்கேதான் என்கிறது ஒரு கம்பி. இவற்றை ஒவ்வொன்றாகத் தேடி நடக்கிறது நல்ல பொழுதுபோக்கு. வழிகாட்டி தேவையில்லை, தெருவே கதை சொல்லும்.

ஆனால் அந்தக் கம்பிகள் காட்டுகிற ஆக்கள் எங்கே? இதுக்குப் பதில் ஒரு சட்டத்தில் இருக்கிறது. ஜோர்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் மிகப் பல வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் இருந்தன. வாடகை மிகக் குறைவு. அதனால் சொந்தக்காரர் திருத்தவும் இல்லை, குடியிருந்தவர் எழும்பவும் இல்லை. கீழே தொழில், மேலே குடும்பம். 2000 ஜனவரியோடு அந்தக் கட்டுப்பாடு முடிந்தது. வாடகை ஏறியது, வயசானவர்களும் சின்னத் தொழில் செய்தவர்களும் வெளியேறினார்கள். சில வீடுகளில் ஆக்களுக்குப் பதிலாகப் பறவை குடிவந்தது. கூட்டைச் சூப்புக்கு விற்பதற்காக உழவாரன் குருவி வளர்த்தார்கள். பிறகு பாரம்பரிய வலயத்திலிருந்து அதை அகற்ற வேண்டி வந்தது. கரையோரத்தில், சீனக் குலத்தவர் கடலுக்கு மேல் மரக்கால் நட்டு வாழ்கிற துறைக் குடியிருப்புகளில் இரண்டு, 2006 இல் இடிக்கப்பட்டன. இரண்டு வருடம் கழித்து, 2008 ஜூலையில், மலாக்காவோடு சேர்த்து ஜோர்ஜ் டவுனும் உலகப் பாரம்பரியமானது. அந்த அறிவிப்பு பல கட்டடங்களைக் காப்பாற்றியது, மறுக்க ஏலாது. கட்டடத்தைக் காப்பாற்றுகிற சட்டம் இருக்கிறது. அதில் வாடகைக்கு இருந்த தையற்காரரைக் காப்பாற்றுகிற சட்டம் இல்லை.

சைக்கிளில் போகிற அந்த அக்காவும் தம்பியும் அழகுதான். ஆனால் அந்தத் தெருவில் இப்போது கனக்க இருப்பது சட்டையும் காந்த ஒட்டியும் விற்கிற கடைகள். பிள்ளைகள் விளையாடுகிற தெருவைத் தேடினால் வேறெங்கேயோ போக வேண்டும். சுவரில் பிள்ளைகள், தெருவில் நாங்கள். பயணிகளாகிய எங்களுக்கும் இதில் பங்கிருக்கிறது. ஓவியத்துக்கு முன்னால் அரை மணித்தியாலம் நிற்கிற நாங்கள், பக்கத்துச் சந்தில் இன்னும் சொங்கோக் தொப்பி தைக்கிறவரிடம் அரை நிமிசம் நிற்பதில்லை.

இதெல்லாம் மலேசியாக்காரரின் பிரச்சினை, எங்களுக்கென்ன என்று கேட்கலாம். யாழ்ப்பாணத்தில் பழைய கல்வீடுகளைக் காட்டி "அது மலாயன் பென்சன் காசு" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து மலாயாவின் ரயில் நிலையங்களிலும் கந்தோர்களிலும் வேலைக்குப் போன எங்கட பாட்டன்மாரின் காசு. அவர்களும் அங்கே வந்தேறிகள்தான். இன்றைக்கும் எங்கட வீடுகள் பலவற்றில் ஒருவர் கட்டாரிலோ பாரிசிலோ ஆரோ ஒருவரின் சமையலறையில் நிற்கிறார். வெளியாளின் கையால் ருசி கெடும் என்ற வாதம் எங்கட ஆக்களின் கையைப் பற்றியும்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் இடையில் நடக்கும்போது யாழ்ப்பாணத்துச் சோனகதெரு நினைவுக்கு வராமல் இருக்க ஏலாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ் நகரில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது சில மணித்தியாலங்கள். தையற்காரர், இரும்புக்கடைக்காரர், நகைக்கடைக்காரர், இறைச்சிக்கடைக்காரர் எல்லாரும் ஒரே நாளில் ஒரு நகரத்தின் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டார்கள். ஆர் இந்த ஊர் ஆள், ஆர் இல்லை என்று ஒரு தரப்பு தீர்மானித்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. பினாங்கின் சமையல் விதியும் அந்த வெளியேற்றமும் ஒன்று என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. ஆனால் 'எங்கட' என்ற சொல்லைக் கையில் எடுக்கும்போது நாங்கள் கொஞ்சம் கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டியவர்கள்.

2019 கடைசியில் நாடு முழுக்க இளைஞர்கள் சுவர்களுக்கு வர்ணம் பூசினார்கள், யாழ்ப்பாணத்திலும் பூசினோம். பினாங்கு மாதிரி எங்கட நகரத்தையும் ஆக்க வேண்டும் என்று இப்போதும் சிலர் சொல்கிறார்கள். ஆக்கலாம். ஆனால் வர்ணம் வாங்க முதல் சில கேள்விகளைக் கேட்போம். பெரியகடைப் பக்கம் சுற்றுலாக்காரர் வந்தால் அங்கே வாடகைக்கு இருக்கிறவருக்கு என்ன நடக்கும்? 1988 இல் உலகப் பாரம்பரியமான காலிக் கோட்டைக்குள் வீடுகள் ஹோட்டலும் கபேயும் ஆனதை நாங்கள் பார்த்திருக்கிறோம். திரும்பி வந்த முஸ்லிம் குடும்பத்துக்கு அந்தப் 'பாரம்பரியத்தில்' எத்தனை கதவு திறக்கும்? சந்தையில் மரக்கறி விற்கிற அம்மாவுக்கு நிழலும் கழிப்பறையும் கிடைக்கிறதா, இல்லை அவவின் படம் மட்டும் சுவரில் வருமா?

பினாங்குக்குப் போங்கோ. கட்டாயம் போங்கோ. காலமை சந்தையில் தொடங்குங்கோ. சாதிக்காய் அச்சாறு ஒரு பை வாங்குங்கோ. நாகூர் தர்காவில் ஒரு நிமிசம் நில்லுங்கோ. துறைக் குடியிருப்புக்குப் போனால் அது ஆக்கள் வாழ்கிற வீடு என்பதை மறக்காமல், படமெடுக்க முதல் கேளுங்கோ. சைக்கிள் பிள்ளைகளையும் பாருங்கோ, தப்பில்லை. மத்தியானம் ஒரு நாசி கண்டார் கடையில் வெள்ளம் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டு முடித்ததும், காசு வாங்குகிறவரை மட்டும் பார்த்துவிட்டு வெளிக்கிடாதீர்கள். உள்ளே பாத்திரம் கழுவுகிறவரையும் பார்த்து ஒரு நன்றி சொல்லுங்கோ. பதில் தமிழில் வரலாம், வங்காளத்தில் வரலாம், நேபாளியில் வரலாம்.